காகிதக் குவளையின் கதை

உண்டபின் எறியும் இலை நமக்குப் புதிதன்று. வாழையிலையும் தைத்த மந்தாரை இலையும் பந்தி முடிந்ததும் எருக்குழிக்குப் போய்விடும். குடித்தபின் எறியும் காகிதக் குவளையோ அமெரிக்காவில், அச்சத்தில் பிறந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு இரயில் வண்டிகளிலும் பள்ளிகளிலும் குடிநீர்த் தொட்டியருகே ஒரு தகரக் குவளை இருக்கும். பல இடங்களில் அதைச் சங்கிலியிலும் கட்டியிருப்பர். வந்தவர் போனவர் எல்லோரும் அதில்தான் குடித்தனர். காசநோய்க் கிருமியை இராபர்ட் காக் 1882இலேயே கண்டறிந்திருந்தார். ஆயினும் குவளை மாறவில்லை. லாஃபயெட் கல்லூரி உயிரியல் பேராசிரியர் ஆல்வின் டேவிசன் பள்ளிக் குவளைகளை நுண்நோக்கியில் ஆராய்ந்து, உதடுகளிலிருந்து உதிர்ந்த செல்களும் கிருமிகளும் அவற்றில் ஒட்டியிருப்பதை 1908இல் எழுதினார். மறு ஆண்டே, சுகாதார அதிகாரி டாக்டர் சாமுவேல் கிரம்பைனின் முயற்சியால் கான்சாஸ் மாநிலம் பொதுக் குவளையைத் தடை செய்தது.

இதற்குச் சற்று முன், 1907இல், பாஸ்டன் நகர வழக்கறிஞர் லாரன்ஸ் லூலன் காகிதக் குவளையை உருவாக்கினார். அவரோடு சேர்ந்தவர் ஹியூ மூர். ஹார்வர்டில் படிப்பைப் பாதியில் விட்டுவந்தவர். (எங்கள் வீட்டில் அப்படி விட்டிருந்தால் நடந்திருப்பதே வேறு!) ஒரு சென்ட் போட்டால் குளிர்ந்த நீர் தரும் இயந்திரத்தை அவர்கள் வைத்தனர். தண்ணீர் எதிர்பார்த்தபடி விற்கவில்லை, குவளை விற்றது. 1918இன் விஷக் காய்ச்சல் அதன் விற்பனையை மேலும் பெருக்கியது. 'ஹெல்த் கப்' என்றிருந்த பெயர் 1919இல் 'டிக்சி' ஆயிற்று. அது அதே கட்டடத்தில் இருந்த பொம்மைக் கம்பெனியின் பெயர்!

இனி வேதியியல். காகிதம் செல்லுலோசால் ஆனது. அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை ஈர்ப்பதால் வெறுங்காகிதம் ஊறிவிடும். எனவே முதலில் பாரஃபின் மெழுகு பூசினர். அது 60 டிகிரி செல்சியசை ஒட்டி உருகும். குளிர்ந்த நீருக்குப் போதும், தேநீருக்கு ஆகாது. இங்கிலாந்தில் 1933இல் கிப்சனும் ஃபாசெட்டும் எத்திலீனையும் பென்சால்டிகைடையும் மிகு அழுத்தத்தில் சூடேற்றியபோது, எதிர்பாராமல் மெழுகு போன்ற வெண்பொருள் ஒன்று கிடைத்தது. அதுவே பாலிஎத்திலீன். தலைமுடியினும் மெல்லிய அதன் படலம், கொதிநீரின் வெப்பநிலையிலும் உருகுவதில்லை. நாம் 'பேப்பர் கப்' என்று கூறும் பொருளின் உட்புறம் இன்று பெரும்பாலும் இதுதான்.

உருகாது என்பதால் உதிராது என்று பொருளில்லை. 100 மில்லி வெந்நீர் 15 நிமிடம் இருந்தால் ஏறக்குறைய 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் நீரில் கலப்பதாகக் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் அறிவித்தனர். அதற்கு முன்பே, 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு விதித்த தடையில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் இடம்பெற்றது.

இத்தடையை நான் வரவேற்கிறேன். ஆனால் எனக்கு ஒரு கவலையும் உண்டு. 'எனக்கு முன் இதில் வாய் வைத்தவர் யார்?' என்று கான்சாஸில் கிருமிக்கு அஞ்சிக் கேட்டனர். எங்கள் ஊரில் அதே கேள்வியைச் சாதிக்காகக் கேட்டனர். என் பாட்டனாருக்குத் தேநீர் கொட்டாங்கச்சியில் வந்தது. என் தந்தைக்குத் தனிக் குவளை; கடைக்கு வெளியே ஆணியில் தொங்கும், குடித்தபின் அவரே கழுவி மாட்ட வேண்டும். பிறகு காகிதக் குவளை வந்தது. சில கடைகளில் எல்லோர்க்கும் அதுவே ஆனதால் ஆணிக்கு வேலையில்லாமற் போயிற்று. வேறு சில கடைகளிலோ மற்றவர்க்குக் கண்ணாடி, எங்களுக்கு மட்டும் காகிதம். கேட்டால், 'சுகாதாரம்' என்பார்கள். டேவிசனும் கிரம்பைனும் இதைக் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

தடைக்குப் பின் பேருந்து நிறுத்தத்துக் கடையில் கண்ணாடிக் குவளைகள் திரும்பி வந்தன. என் தந்தை முதல் நாளே போய்ப் பார்த்துவந்தார். எல்லோர்க்கும் ஒரே அடுக்கிலிருந்து எடுத்து, வெந்நீரில் அலசித் தருகிறார்களாம். கோவில் தெருக் கடையில் மட்டும் எங்களுக்கு இன்னும் காகிதக் குவளைதான். பழைய இருப்பு தீரவில்லை என்கிறார் கடைக்காரர்.