“ஒரு பட்டன்தானே?” டெவலப்பரும் புராடக்ட் மேனேஜரும் ஒருவரையொருவர் மதிக்கும் வழி

“இதுல என்ன இருக்கு, ஒரு பட்டன்தானே? வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுடலாம்ல?” என்று புராடக்ட் மேனேஜர் கேட்டதும் டெவலப்பருக்குச் சுருக்கென்று இருக்கும். “அதெல்லாம் முடியாது” என்று டெவலப்பர் ஒரே வரியில் முடித்தால் மேனேஜருக்கும் அப்படித்தான். பல டீம்களில் மரியாதை கெடுவது இந்த இரண்டு வாக்கியங்களில்தான். முதலாவதில் அடுத்தவரின் உழைப்புக்கு மதிப்பில்லை. இரண்டாவதில் அடுத்தவரின் தேவைக்கு மதிப்பில்லை.

உத்தமபாளையம், கோம்பை, சின்னமனூர், கம்பம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் சென்னை, கோவை, பெங்களூரு நிறுவனங்களின் டீம்களில் இருக்கிறார்கள். 2020-க்குப் பிறகு சொந்த வீட்டு மாடியறையிலிருந்தே வேலை பார்ப்பவர்களும் உண்டு. மேனேஜரை நேரில் பார்த்தே இருக்க மாட்டார்கள். சேர்ந்து டீ குடித்து, பேசிச் சிரித்து வளரும் நெருக்கத்துக்கு அங்கே வழியில்லை. ஆனாலும் மரியாதை வளரும். அதற்கு டீம் அவுட்டிங்கை விட உறுதியான வழி ஒன்று உண்டு: மேனேஜர் ஒன்றைக் கேட்கும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், டெவலப்பர் மறுக்கும்போது அதன் செலவைக் கணக்காகச் சொல்ல வேண்டும்.

முதலில் மேனேஜரின் நிலைமையைப் புரிந்துகொள்வோம். 1931-ல் அமெரிக்காவின் புராக்டர் அண்ட் கேம்பிள் சோப்பு நிறுவனத்தில் நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர் ஒரு குறிப்பு எழுதினார். ஒவ்வொரு சோப்பு வகைக்கும் முழுப் பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும் என்பது அதன் சாரம். பிற்காலத்தில் மென்பொருள் துறைக்கு வந்த புராடக்ட் மேனேஜர் பதவிக்கு அந்தக் குறிப்பைத்தான் வேராகச் சொல்வார்கள். பொறுப்பு மொத்தமும் அவருக்கு. ஆனால் பெரும்பாலான நிறுவனங்களில் டெவலப்பர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. சம்பள உயர்வை எழுதுவது வேறொருவர். புராடக்ட் தோற்றால் பெயர் கெடுவது இவருக்கு. கெஞ்சியும் விளக்கியும் வேலை வாங்க வேண்டிய இடத்தில் அவர் நிற்கிறார் என்று தெரிந்தால், அந்த “ஒரு பட்டன்தானே”வுக்குப் பின்னால் இருக்கும் பதற்றமும் தெரியும்.

இப்படி ஒருவர் நிலைமையை மற்றவர் புரிந்துகொள்வதைக் கற்க நம் ஊர்ப் பக்கத்திலேயே அருமையான இடம் ஒன்று இருக்கிறது: போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏல மையம். முன்பு விலையைக் குரல் கொடுத்துக் கேட்டார்கள். 2007-ல் மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. வியாபாரிகள் ஆளுக்கொரு கணினி முன்னால் உட்கார்ந்து, சாம்பிள் காயின் பருமனையும் பச்சை நிறத்தையும் பார்த்து, லாட் லாட்டாக விலை அடிக்கிறார்கள்.

அப்படியொரு மென்பொருளை எழுதும் டீமில் நீங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வியாபாரி போனில் கொதிக்கிறார். கிலோவுக்கு 2,000 ரூபாய் என்று அடிக்கப் போய், கை தவறி ஒரு சைபர் கூடிவிட்டது. லாட் அவர் தலையில் விழுந்துவிட்டது. மேனேஜர் உங்களிடம் வந்து, “ஒவ்வொரு விலைக்கும் முன்னாடி ‘உறுதியா?’ன்னு ஒரு கேள்வி வரணும்” என்கிறார். “அது வேலைக்கு ஆகாது, ஏலமே மெதுவாயிடும்” என்கிறீர்கள் நீங்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனாலும் இதே பேச்சு இரண்டு வாரம் ஓடினால், ‘இவனுக்கு கஸ்டமர் கஷ்டமே புரியாது’ என்று அவரும், ‘இவருக்கு டெக்னிக்கலா ஒண்ணுமே தெரியாது’ என்று நீங்களும் முடிவு கட்டிவிடுவீர்கள்.

இரண்டு பேரும் அனுமதி வாங்கி ஒரு காலைப் பொழுது ஏலக் கூடத்தில் உட்கார்ந்தால் பேச்சு மாறும். வியாபாரியின் ஒரு கண் சாம்பிளில், ஒரு கண் திரையில். ஒரு லாட் முடிந்த கையோடு அடுத்தது வந்து நிற்கிறது. ஒவ்வொரு முறையும் ‘உறுதியா?’ என்று கேட்டால், பதில் சொல்லி முடிப்பதற்குள் லாட் பக்கத்து மேஜைக்குப் போய்விடும். இது மேனேஜருக்குக் கண்ணெதிரே தெரியும். விரல் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, தப்பு நடக்க எத்தனை வாய்ப்பு என்பது டெவலப்பருக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் விலையிலிருந்து வெகுவாகத் தாவும் விலைக்கு மட்டும் கேள்வி கேட்டால் போதும் என்ற யோசனை அங்கேதான் பிறக்கும். எவ்வளவு தாவினால் அது கைத்தவறு என்று வியாபாரிகளிடம் விசாரித்து வருவது மேனேஜர் வேலை. அந்தச் சோதனையால் ஏலத்தின் வேகம் குறையாமல் பார்த்துக்கொள்வது டெவலப்பர் வேலை. தனியாக யோசித்திருந்தால் இருவரில் ஒருவரும் இந்த முடிவுக்கு வந்திருக்க மாட்டார்கள்.

அதே ஏலத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2021-ல் ஸ்பைசஸ் போர்டு, போடியிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் உள்ள வியாபாரிகள் ஒரே நேரத்தில் கலந்துகொள்ளும்படி கிளவுட் முறைக்கு ஏலத்தை மாற்றியது. வெளியிலிருந்து பார்த்தால் ‘இன்னொரு ஹால் சேர்கிறது, அவ்வளவுதானே’ என்று தோன்றும். எழுதுபவருக்கு அது வேறு விதமான வேலை. மலைக்கு மேலே ஒருவரும் கீழே ஒருவரும் ஒரே நொடியில் ஒரே விலையை அழுத்தினால் லாட் யாருக்கு? ஒரு பக்கம் நெட் தாமதமானால் அந்த வியாபாரிக்கு அநியாயம் ஆகாதா? பாதி ஏலத்தில் இணைப்பு அறுந்தால் கடைசியாக அடித்த விலை நிற்குமா, நிற்காதா? இத்தகைய கேள்விகளை டெவலப்பர் முதல் நாளே எழுதி மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். இவற்றில் பாதிக்குப் பதில் கோடில் கிடையாது. ஏல விதியில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி வர மேனேஜரால்தான் முடியும். இவனில்லாமல் இந்தக் கேள்வியே நமக்குத் தோன்றியிருக்காது என்று அவர் உணரும் நாளிலிருந்து “ஒரு பட்டன்தானே” தானாக நின்றுபோகும்.

ஆகவே, டெவலப்பர்களே, “முடியாது” என்பதை விடுங்கள். “செய்யலாம்ங்க. ஆனா மூணு வாரம் ஆகும், அதுவரைக்கும் ரிப்போர்ட் வேலை நிக்கும். உங்களுக்கு வேண்டியது தப்பு நடக்காம இருக்கிறதுதான்னா, நாலு நாள்ல வேற வழி ஒண்ணு இருக்கு” என்று பேசிப் பாருங்கள். கேட்பவர் கையில் இப்போது ஒரு தேர்வு இருக்கிறது. அவர் மூன்று வாரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் தெரிந்தே தேர்ந்தெடுக்கிறார்.

மேனேஜர்களே, “மேலிடத்துல கேக்குறாங்க” என்பது காரணமே அல்ல. யார் கேட்டார், எந்த வேலையின் நடுவில் மாட்டிக்கொண்டார், இப்போது எப்படிச் சமாளிக்கிறார் என்ற மூன்றையும் டிக்கெட்டிலேயே எழுதுங்கள். முடிந்தால் வாடிக்கையாளர் பேசும் அழைப்பில் டெவலப்பரையும் சேருங்கள். ஒரு வியாபாரியின் குரலை நேரடியாகக் கேட்டவனுக்கு, அதே விஷயத்துக்காக நீங்கள் பத்துத் தடவை நினைவூட்ட வேண்டியிருக்காது.

தேதி விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டெவலப்பரைக் கேட்காமல் வாடிக்கையாளருக்குத் தேதி கொடுப்பதைப் போன்ற அவமதிப்பு இந்தத் தொழிலில் வேறில்லை. அந்த ஒரு செயலில் ஒரு வருடம் சேர்த்த மரியாதை போய்விடும். தாமதமானதும் “இன்னும் ரெண்டு பேரைப் போடட்டுமா?” என்று கேட்பதும் உதவாது. தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே தன் புத்தகத்தில் எழுதிவிட்டார். புது ஆளுக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே பழைய ஆளின் நேரம் கரைந்துவிடும். டெவலப்பருக்கும் இதில் கடமை உண்டு. “ரெண்டு வாரம்” என்று ஒற்றைக் கணக்குச் சொல்லாமல், “ரெண்டிலிருந்து நாலு வாரம், பேமென்ட் பகுதி எப்படி இருக்குன்னு பாத்தாதான் தெரியும்” என்று எதனால் இழுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தள்ளிப் போவது தெரிந்த அன்றே சொல்லுங்கள். கடைசி நாளில் சொன்னால், வாடிக்கையாளரிடம் பேசிச் சரிசெய்ய மேனேஜருக்கு இருந்த நேரத்தை நீங்களே பறித்துக்கொண்டீர்கள் என்று அர்த்தம்.

எதை முதலில் செய்வது என்ற சண்டைக்கு நம் மண்ணிலேயே பாடம் இருக்கிறது. முதல் போகத்துக்கு ஜூன் முதல் தேதி முல்லைப் பெரியாறு அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது 120 நாளுக்கு விநாடிக்கு 300 கன அடி என்று கணக்கு வைப்பார்கள்: பாசனத்துக்கு 200, குடிநீருக்கு 100. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நிலம் 14,707 ஏக்கர். அதில் 11,807 ஏக்கர் உத்தமபாளையம் வட்டத்தில். கேட்பவர்கள் நிறையப் பேர், இருப்பது ஓரளவு. கணக்கு வெளிப்படையாக இருப்பதால் எதற்கு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். டீமின் நேரமும் அப்படித்தான். இந்த ஸ்பிரின்ட்டில் எதை எடுத்தோம் என்று மட்டும் அறிவிக்காமல், எதை விட்டோம், ஏன் விட்டோம் என்பதையும் மேனேஜர் சொல்ல வேண்டும். பழைய கோடிங்கைச் சீர்செய்ய டெவலப்பர் கேட்கும் நேரத்துக்கும் அந்தக் கணக்கில் ஒரு பங்கு வேண்டும். ஒவ்வொரு முறையும் “அப்புறம் பாத்துக்கலாம்” என்று தள்ளப்பட்டால், அடுத்த முறை அவர் கேட்கவே மாட்டார்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒன்று. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். மீட்டிங்கில் மேனேஜர் சொல்லச் சொல்ல “சரிங்க சார், சரிங்க சார்” என்று தலையாட்டிவிட்டு, முடிந்ததும் நண்பனிடம் “இது நடக்காதுடா” என்கிறோம். நாம் ஒப்புக்கொண்டதாக நினைத்து அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். தேதி தவறும்போது, அடக்கமான பையன் என்ற பெயர் போய், சொன்னதைச் செய்யாதவன் என்ற பெயர் வந்துவிடுகிறது. பேசத் தயக்கமாக இருந்தால், ஆங்கிலம் தடுமாறினால், எழுதுங்கள். மீட்டிங் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து வரி போதும்: நான் புரிந்துகொண்டது இது, எனக்குள்ள சந்தேகம் இது, இந்தத் தேதிக்குள் இவ்வளவு முடியும், இது முடியாது, உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது இது. தொடர்ந்து இப்படி எழுதுபவரின் சொல்லுக்கு டீமில் எடை கூடும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்து முந்தின நாளே சொல்லிவிடுங்கள். கேமராவில் திடீரென்று காணாமல் போகும் ஆளைப் பற்றி அந்தப் பக்கம் இருப்பவர் நல்லதாக நினைக்க வழியில்லை.

இந்த இரண்டு வேலையும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. மென்பொருள் நிறுவனமான ஜோஹோவில் புராடக்ட் பிரிவில் இருந்த கிரிஷ் மாத்ருபூதமும் தொழில்நுட்பப் பக்கம் இருந்த ஷான் கிருஷ்ணசாமியும் 2010-ல் சென்னையில் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் பின்னாளில் ஃபிரெஷ்வொர்க்ஸ் ஆயிற்று. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது.

புதிதாக டீமில் சேருபவர் முதல் மாதத்தில் மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “இந்த வாரம் வாடிக்கையாளர்கள் உங்ககிட்ட அதிகமா எதுக்குக் கோவிச்சுக்கிட்டாங்க?” மேனேஜர் ஒரு ரிலீஸ் இரவு முழுக்க டீமோடு விழித்திருந்து பார்க்கட்டும். சர்வர் விழுந்த இரவில் வாடிக்கையாளருக்குப் போகும் கடிதத்தில் அவர் டெவலப்பர் பெயரைப் போடக் கூடாது. பாராட்டு வரும் நாளில் பெயர் போட்டே அனுப்பட்டும். அதே இரவில் டெவலப்பர், யாரும் கேட்காமலே அரை மணிக்கொரு தரம் நிலவரம் சொல்லிக்கொண்டிருக்கட்டும். அந்த நேரத்தில் மேனேஜர் வாடிக்கையாளரின் வசவைத் தனியாக வாங்கிக்கொண்டிருப்பார்.

இவ்வளவும் செய்து பார்த்தும், கேட்காமலே தேதி கொடுக்கும் மேனேஜர் மாறவில்லை என்றால் வேறு டீம் கேளுங்கள், அதில் தவறில்லை. கேட்கும்போது ஆளைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் எழுதிய ஐந்து வரிக் குறிப்புகளும் அவற்றின் தேதிகளும் மெயிலிலேயே இருக்கும். அவற்றை வரிசையாக எடுத்து வையுங்கள்.