கையசைக்க ஒரு எம்.ஏ.வா?

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சட்டென்று எழுதிவிடக்கூடிய பதில் இல்லை என்பதால்தான் இந்தத் தாமதம். வாஷிங்டனில் உள்ள கேலடெட் பல்கலைக்கழகத்தில் சைகை மொழியியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். “கையை ஆட்டுறதுக்கு ஒரு எம்.ஏ.வா? ரெண்டு வருஷம் படிக்க அதுல என்னம்மா இருக்கு?” என்று அப்பா கேட்டதையும் எழுதியிருந்தீர்கள். அப்பா மேல் வருத்தப்படாதீர்கள். எழுபது வருடத்துக்கு முன்னால் அந்தப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள் பலருக்கும் இதே எண்ணம்தான் இருந்தது.

இத்தனைக்கும் அது காது கேளாதவர்களுக்காகவே உண்டான கல்லூரி. பட்டம் வழங்கும் உரிமையை அதற்குத் தந்த சட்டத்தில் 1864இல் ஆப்ரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். 1955இல் வில்லியம் ஸ்டோக்கி அங்கே ஆங்கில இலக்கியம் நடத்த வந்தபோது, மாணவர்கள் கையால் பேசுவதை உடைந்த ஆங்கிலம் என்றும் வெறும் அபிநயம் என்றும்தான் சுற்றியிருந்தவர்கள் நினைத்தார்கள். ஸ்டோக்கி உட்கார்ந்து பார்த்தார். ஒரு சைகை முழுப் படமாக இல்லை, அதைப் பிரிக்க முடிகிறது என்று கண்டுகொண்டார். கையின் வடிவம், கை நிற்கும் இடம், அதன் அசைவு. அமெரிக்கச் சைகை மொழியில் சுட்டுவிரலை மடக்கியபடி நெற்றிக்கு முன்னால் இழுத்தால் ‘கோடை’. அதே விரலை, அதே இழுப்பை மூக்குக்கு முன்னால் செய்தால் ‘அசிங்கம்’. முகவாய்க்கு இறக்கினால் ‘உலர்ந்தது’. நம் மொழியில் ‘கல்’லின் ககரம் பகரமானால் ‘பல்’ ஆகிறதே, அதே வேலையைத்தான் இங்கே இடம் செய்கிறது.

1960இல் இதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். கூட வேலை பார்த்தவர்களிடமிருந்தே ஏளனம்தான் வந்தது. 1965இல் காது கேளாத இரண்டு சக ஆய்வாளர்களான டாரதி கேஸ்டர்லைன், கார்ல் குரோனெபெர்க் இருவரோடும் சேர்ந்து ஓர் அகராதி கொண்டுவந்தார். அதில் சைகைகளை ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்காமல், அவற்றின் சொந்த உறுப்புகளின் வரிசையிலேயே அடுக்கினார்கள். ஸ்டோக்கியின் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த அகராதியின் பின்னிணைப்புகள்தான் முக்கியம். இந்த மொழியைப் பேசுகிறவர்கள் தங்களுக்கென்று ஒரு வாழ்முறை உள்ள சமூகம் என்று குரோனெபெர்க் அங்கே எழுதினார். நீங்கள் படிக்கப்போகும் படிப்பின் இரண்டாம் பாதி அந்தப் பக்கங்களிலிருந்துதான் கிளைக்கிறது.

முதல் பாதியை அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். அமெரிக்கச் சைகை மொழியில் ‘ஆமா, இல்லை’ என்று பதில் வரும் கேள்விக்குப் புருவம் உயர வேண்டும். ‘யார், எங்கே’ என்றால் புருவம் சுருங்க வேண்டும். முகம் அங்கே இலக்கணம். பேச்சில் வருகிற ஆளைக் காற்றில் ஓரிடத்தில் நிறுத்திவிட்டால், பிறகு அந்த இடத்தைச் சுட்டினாலே ‘அவர்’ என்று ஆகிவிடும். நம் இந்தியச் சைகை மொழியில் வினாச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அமெரிக்கச் சைகை மொழி தெரிந்தவருக்கு இந்தியச் சைகை மொழி புரியாது. இரண்டும் இருவேறு மொழிகள். இவ்வளவுக்கும் இரண்டு வருடம் போதாது.

இனி இரண்டாம் பாதி. அதை என் அனுபவத்திலிருந்து தொடங்குகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால், ஊர் பெயர் வேண்டாம், காது கேளாத குழந்தைகள் விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளிக்குப் பயிற்சி ஆசிரியராகப் போனேன். குழந்தையின் வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடிப்போம். ‘ப’ என்று சரியாகச் சொன்னால் மூச்சுப் பட்டுக் காகிதம் ஆடும். ஆடாவிட்டால் மறுபடியும், மறுபடியும். ஏழு வயதுப் பெண் ஒருத்தி ஒரு காலைப்பொழுது முழுக்க அந்தக் காகிதத்தை ஆட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பில் கை அசைந்தால் அடிக்கோல் விழும். நானும் இரண்டு முறை தட்டியிருக்கிறேன். அந்த இரண்டு முறையும் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

ராத்திரி விடுதிப் பக்கம் போனால் வேறு உலகம். தாழ்வாரத்து விளக்கின் கீழ் பெரிய பிள்ளைகள் கதை சொல்வார்கள், சின்னவர்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். காலையில் காகிதத்தை ஆட்டமுடியாமல் அழுத அந்தப் பெண் எங்கள் தலைமையாசிரியரின் நடையை அப்படியே செய்து காட்டினாள். விளக்கை அணைத்த பிறகு ஒருவர் உள்ளங்கைக்குள் இன்னொருவர் கையை வைத்துப் பேச்சைத் தொடர்ந்தார்கள். வகுப்பறை கொடுக்காத மொழியைக் குழந்தைக்குக் குழந்தை கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். உலகம் முழுவதும் சைகை மொழிகள் பிழைத்தது பெரும்பாலும் இப்படித்தான், விடுதிகளில்.

என் கையில் அந்தக் கோல் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு நானே கேலடெட்டில் படிக்கப் போனபோது, வரலாற்று வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். 1880இல் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான மாநாடு கூடியது. பள்ளிகளில் சைகை கூடாது, வாய்ப்பேச்சு மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நூற்றுக்கும் அதிகமானோர் கூடிய அந்த அவையில் காது கேளாதவர்கள் இல்லை என்றே சொல்லிவிடலாம். தமிழில் ‘கேளாதவர்’ என்றால் காதால் கேளாதவர். அங்கே அவர்கள் கேட்கப்படாதவர்களாகவும் ஆனார்கள். அந்தத் தீர்மானத்துக்கு இதே மாநாட்டின் பிற்கால அமர்வு முறையாக வருத்தம் தெரிவித்தது 2010இல். நூற்று முப்பது வருடம்.

உங்கள் கடிதத்தில் ‘செவித்திறன் குறையுடையோருக்குச் சேவை செய்ய ஆசை’ என்று ஒரு வரி இருக்கிறது. நல்ல மனதோடு எழுதியது என்பது தெரியும். ஆனாலும் அந்த வரியோடு அங்கே போகாதீர்கள். ‘குறை’யும் ‘சேவை’யும் சேர்ந்தால் எதிரில் இருப்பவர் நோயாளி ஆகிவிடுகிறார். அங்கே அவர்தான் உங்கள் பேராசிரியர். ஜேம்ஸ் உட்வர்ட் என்ற மொழியியலாளர் 1972இல் ஒரு வழி சொன்னார்: காது கேளாமையைக் குறிக்கும்போது ‘deaf’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சின்ன எழுத்தில் தொடங்குவது, மொழியும் பண்பாடும் உள்ள சமூகத்தைக் குறிக்கும்போது பெரிய எழுத்தில் தொடங்குவது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. நமக்கு வேறு சொல்தான் வேண்டும். அந்தச் சொல்லை நீங்களோ நானோ உண்டாக்க முடியாது. அவர்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதே உட்வர்ட்தான் 1970களின் பிற்பகுதியில் மதன் வசிஷ்டாவோடு இந்தியா வந்து நம் நகரங்களின் சைகைகளை ஆராய்ந்தார். வசிஷ்டா இமாசலக் கிராமத்துக்காரர். பதினொரு வயதில் செவித்திறன் போயிற்று. மாடு மேய்த்தார், பிறகு டெல்லியில் புகைப்படக்காரராக இருந்தார், 1967இல் கேலடெட்டுக்குப் போனார். நம் நாட்டுச் சைகையும் ஒரு மொழி என்று ஆய்வோடு சொன்ன முதல் சிலரில் ஒருவர் காது கேளாதவர் என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

1988 மார்ச்சையும் சொல்லுங்கள். 124 ஆண்டுகளில் கேலடெட்டுக்குக் காது கேளாத தலைவர் ஒருவர்கூட இருந்ததில்லை. அந்த முறையும் நிர்வாகக் குழு காது கேட்கும் ஒருவரைத்தான் தேர்ந்தெடுத்தது. மாணவர்கள் வளாகத்தின் வாயில்களை அடைத்தார்கள். ஒரே வாரத்தில் ஐ. கிங் ஜோர்டன் முதல் காது கேளாத தலைவரானார்.

நடைமுறைக்கு வருகிறேன். முதுகலையில் காது கேட்பவர்களையும் சேர்க்கிறார்கள். அமெரிக்கச் சைகை மொழியில் நல்ல தேர்ச்சி வேண்டும், வகுப்பே அதில்தான் நடக்கும். முதல் வாரம் உணவுக்கூடத்தில் நானூறு கைகளுக்கு நடுவில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் சிரிக்கும்போது எதற்கு என்று கேட்டால் ‘அப்புறம் சொல்கிறேன்’ என்றார்கள். கல்யாண வீட்டில் காது கேளாத பிள்ளையிடம் நாம் சொல்கிற அதே பதில்.

ஆனால் அதற்கு முன்னால் ஊரிலேயே தொடங்குங்கள். இந்தியச் சைகை மொழிக்கென்று 2015இல் டெல்லியில் தொடங்கிய மத்திய அரசு மையத்தில் டிப்ளமா படிப்புகள் இருக்கின்றன, அகராதியும் இருக்கிறது. அகராதியை விட ஆட்கள் முக்கியம். உங்கள் ஊரில் காது கேளாதோர் சங்கம் கூடுகிற நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடாதீர்கள், தோளை மெல்லத் தொடுங்கள். இரண்டு பேர் பேசும் இடத்தில் நடுவே கடக்க நேர்ந்தால் தயங்கி நிற்காமல் சட்டென்று கடந்துவிடுங்கள். பேசும்போது கண்ணைத் திருப்பாதீர்கள், அது நாம் காதைப் பொத்திக்கொள்வது மாதிரி. விடைபெற ஒரு மணி நேரம் ஆகும், கடைசி பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள்.

உங்களுக்கு ஒரு பெயர்ச் சைகை வேண்டியிருக்கும். நீங்களாக வைத்துக்கொள்ளக் கூடாது. உங்களைக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அவர்கள் வைப்பார்கள். வைத்ததும் எனக்கு எழுதுங்கள்: கை என்ன வடிவம், எந்த இடம், எப்படி அசைகிறது என்று.

அன்புடன்,
உங்கள் அண்ணன்