தடித்த எழுத்தும் ஊர் அறிவிப்பும்

ஊராட்சி அலுவலகச் சுவரில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டால் கடமை முடிந்ததென்று நம்மிற் பலர் கருதுகிறோம். வழிச்செல்வோர் நின்று படித்தாலன்றி அது முடிந்ததாகாது. அவர்களை நிற்கச் செய்வது எழுத்தின் வடிவமே.

எழுத்தின் அளவைப் பற்றிய சிக்கல் பழமையானது. கொள்ளிடத்திற்குத் தெற்கேயுள்ள தரங்கம்பாடிக்கு 1713ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. நூலுக்குச் சிறிய எழுத்தே ஏற்றது; பலகைக்கு அது போதாது.

பலகைக்கென்றே அமைந்த எழுத்துகளுள் ஒன்று 'பலூ தம்பி'. மும்பையின் ஏக் டைப் குழுவினர் 2016இல் இதனை வெளியிட்டனர். பலூ என்பது கரடியைக் குறிக்கும். வங்காளத்தில் 'பலூ தா', மலையாளத்தில் 'பலூ சேட்டன்', தெலுங்கில் 'பலூ தம்முடு' எனப் பல மொழிகளிலும் உடன்பிறப்பின் முறைப்பெயரே இதற்குச் சூட்டப்பட்டுள்ளது. கோடுகள் தடித்தும் முனைகள் மழுங்கியும் இருப்பதால், கொழுத்த குழந்தையைப் போன்ற விளையாட்டுத் தோற்றம் உடையது. கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம்.

ஆயினும் இதற்கு இடமறிதல் வேண்டும். தமிழ் எழுத்துகள் சுழிகள் நிறைந்தவை. தடித்த எழுத்தைச் சிறிதாக்கினால் சுழிகளின் உள்வெளி அடைபட்டு, 'ண'வும் 'ன'வும் ஒன்றுபோல் தோன்றும். மெய்யின் புள்ளியும் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர் வந்த இரண்டாம் பதிப்பில் இயல்பானது முதல் மிகத் தடித்தது வரை ஐந்து நிலைகள் உள்ளன. தலைப்பிற்குத் தடித்ததையும், விவரத்திற்கு இயல்பானதையும் கொள்க.

கடற்கரை ஊர் ஒன்றில் புயற்கால அறிவிப்பு ஒன்றைக் கண்டேன். மேலிருந்து கீழ்வரை ஒரே தடித்த எழுத்து. சுற்றிலும் பல வண்ணம். திருமண விளம்பரமென எண்ணி மக்கள் கடந்து சென்றனர். பாதுகாப்பு மையம் எங்குள்ளதென்ற ஒற்றை வரி அதனுள் புதைந்து கிடந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையால் துயருற்ற பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் இத்தகைய பிழை சிறிதன்று.

ஆதலின் மூன்று விதிகளை நினைவிற் கொள்வோமாக. குழந்தைகள் மையம், தூய்மை இயக்கம், கிராம சபை அழைப்பு ஆகியவற்றின் தலைப்பிற்கு விளையாட்டு எழுத்து பொருந்தும்; அபாய அறிவிப்பிற்கு அலங்காரமற்ற எழுத்தே தக்கது. தடித்த எழுத்தில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் வேண்டா. ஒட்டுமுன் பத்தடி தள்ளி நின்று, எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் குறை அவருடையதன்று. திருத்த வேண்டியது நம் அறிவிப்பையே.