88 கோயில், 1,200 கிலோமீட்டர்: ஷிகோகு நடையில் சில தப்புக் கணக்குகள்

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் சிறியது ஷிகோகு. அங்கே பிறந்த கூகை என்ற துறவியின் (774–835) நினைவாக 88 கோயில்களைச் சுற்றிவரும் பாதயாத்திரை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். முழுக்க நடந்தால் நாற்பதிலிருந்து அறுபது நாள் ஆகும். முதுகுப்பையோடு கிராமத்து ஜப்பானைப் பார்க்க இதைவிடத் தோதான வழி இல்லை என்பேன். ஆனால் படங்களைப் பார்த்துத் திட்டம் போட்டால் சறுக்கும்.

நம்பிக்கை: மொத்த தூரத்தை 88-ஆல் வகுத்தால் தினக்கணக்கு வந்துவிடும்.

வகுத்தால் கோயிலுக்குக் கோயில் 14 கிலோமீட்டர் வரும். தரையில் அந்தக் கணக்கு நிற்காது. தொகுஷிமா மாநிலத்தில் முதல் பத்துக் கோயில்களும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. இரண்டு நாளில் முடித்துவிட்டு, இவ்வளவுதானா என்று தோன்றும். பதினொன்றாவதிலிருந்து பன்னிரண்டாவதான ஷோசன்ஜிக்குப் போகும் மலைப்பாதை அந்த நினைப்பைத் தீர்த்து வைக்கும். தூரம் சுமார் 13 கிலோமீட்டர்தான். ஆனால் ஏறி, இறங்கி, மறுபடி ஏறுவதற்குள் பலருக்கு ஆறேழு மணி நேரம் போய்விடும். வழியில் கடை கிடையாது; தண்ணீரும் சோற்று உருண்டையும் முதல் நாளே வாங்கிவைக்க வேண்டும்.

அதற்கப்புறம் வேறு விதமான சோதனை. 23-வது கோயிலுக்கும் 24-வதுக்கும் நடுவே 75 கிலோமீட்டர். இடது கையில் பசிபிக் கடல், காலடியில் நெடுஞ்சாலை. மூன்று நாள்வரை ஒரு கோயிலும் கண்ணில் படாது. 37-க்கும் 38-க்கும் இடையே 80-ஐத் தாண்டும். இந்த நீண்ட இடைவெளிகள் வரும் கோச்சி மாநிலத்தில் (நம் கொச்சி அல்ல) இருப்பவை 16 கோயில்கள்தான். பாதி வழியில் ஊர் திரும்புவதைப் பற்றி யோசிக்க வைக்கும் தூரம் இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று: கோயிலில் யாத்திரிகரின் ஏட்டில் முத்திரை குத்தித் தூரிகையால் எழுதித் தரும் இடத்தை மாலை ஐந்து மணிக்கு அடைத்துவிடுவார்கள். ஐந்தேகாலுக்குப் போனால் சாமி கும்பிடலாம்; முத்திரைக்கு மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு நாளையும் ஐந்து மணியிலிருந்து பின்னோக்கித்தான் கணக்குப் போட வேண்டும்.

நம்பிக்கை: முழுக்கக் காட்டுப்பாதை, கனத்த பூட்ஸ் இல்லாமல் முடியாது.

பெரும்பகுதி தார் ரோடும் சிமென்ட்டும்தான். கனத்த பூட்ஸில் நாள் முழுக்கத் தார் ரோட்டில் நடந்தால் பாதம் வெந்து கொப்புளம் போடும். கொஞ்சம் தாராளமான அளவில் நல்ல ஓட்டக் காலணி போதும். கவலைப்பட வேண்டியது சுரங்கச் சாலைகளைப் பற்றி. சிலவற்றில் ஓரமாக நடக்க இருப்பது ஒரு ஒடுங்கிய திட்டு. லாரி உரசுவது போலக் கடக்கும்போது அந்தக் காற்றே ஆளைத் தள்ளும். யாத்திரிகரின் வெள்ளை மேலாடை பக்திக்கு மட்டுமல்ல, ஓட்டுநர் கண்ணில் படவும் உதவும். ஒளிரும் பட்டை ஒன்றையும் பையில் கட்டிக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: புத்தக் கோயிலில் தங்கினால் சைவச் சாப்பாடு நிச்சயம்.

யாத்திரிகர் தங்கும் கோயில் விடுதிகள் பலவற்றில் இரவு உணவில் மீன் இருக்கும். மீனை ஒதுக்கிவைத்தாலும் தீராது. சூப், குழம்பு எல்லாவற்றுக்கும் அடிப்படை காய்ந்த மீனில் இறக்கிய சாறு. கடைசி 23 கோயில்களைத் தன் கணக்கில் கொண்ட ககாவா மாநிலம், ஊடோன் நூடுல்ஸுக்குப் பேர்போனது. அங்கே சாறு நெத்திலிக் கருவாட்டில். சுத்த சைவக்காரர்கள் முன்பதிவு செய்யும்போதே, மீன் சாறும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதிக் கேட்பது நல்லது. சிறிய குடும்ப விடுதிகளால் முடியாமலும் போகலாம். அப்படியானால் வெறும் சோறு, சோயா சாஸ், தோஃபு என்று ஓட்டத் தயாராக இருங்கள்.

நம்பிக்கை: இலவசமாகத் தங்கிக்கொண்டே போகலாம்.

யாத்திரிகருக்குத் தர்மமாக இடம் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. தொடர்ச்சியாகக் கிடையாது. பல இடங்களில் கூரை மட்டுமே. பாய், போர்வை உங்களுடையது. அதை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். விடுதிக்கு ஓரிரு நாள் முன்பே போன் செய்யுங்கள். வரமுடியாவிட்டால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். உங்களுக்காகச் சமைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் ஜப்பான் முழுக்க விடுமுறை. இடம் கிடைப்பது கஷ்டம். ஜூனில் மழைக்காலம், ஆகஸ்டிலிருந்து புயல். மார்ச் கடைசியும் அக்டோபர், நவம்பரும் உத்தமம்.

ஒன்றாம் கோயிலில்தான் தொடங்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. எங்கும் தொடங்கலாம், பகுதி பகுதியாக முடிக்கலாம், எதிர்த்திசையிலும் சுற்றலாம். லீப் ஆண்டில் எதிர்ச்சுற்றுக்குப் புண்ணியம் கூடுதல் என்கிறார்கள். பௌத்தராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கார்டை மட்டும் நம்பாதீர்கள்: சின்ன விடுதிகளும் கோயில்களும் ரொக்கமே கேட்கும். வெளிநாட்டுக் கார்டுக்குச் செவன்-லெவன் கடையிலும் தபால் நிலையத்திலும் உள்ள ஏ.டி.எம்.கள் பணம் தரும். கிராமத்துத் தபால் நிலையம் சீக்கிரம் அடைத்துவிடும்.

கரடி பயம்? ஷிகோகுவில் மிஞ்சியிருப்பவை இருபது சொச்சம், அவையும் ட்சுருகி மலைப் பக்கம். மாமுஷி என்ற விஷப்பாம்புதான் புல்வழியில் கவனிக்க வேண்டியது. கரடியை எச்சரிக்கும் மணியை, பெரிய தீவான ஹொன்ஷுவின் வடகிழக்கில் 2019-இல் திறந்த மிச்சினொகு கடலோரப் பாதைக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம். அங்கே அது விளையாட்டில்லை.