ரூபாய்க் குறியீடு: கண்ணுக்கு வடிவம், கணினிக்கு எண்

‘ஒரு பேனாவின் விலை ₹15 எனில், 4 பேனாக்களின் விலை என்ன?’ என்று ஒரு கணினியில் வினாத்தாள் தயாரிக்கிறோம். அதே கோப்பை வேறொரு கணினியில் திறந்தால், ₹ இருந்த இடத்தில் சாய்ந்த சிறு கோடு ஒன்று நிற்கலாம். அல்லது வெற்றுக் கட்டம் தெரியலாம். விலையைப் படிக்கும் மாணவர் குழம்புவார். இவ்விரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். வேறுபாடு தெரிந்தால் சரிசெய்வது எளிது.

எழுத்துக்கு ஓர் எண்

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை ஒருங்குறி என்னும் உலகத் தரம் வரையறுக்கிறது. தமிழ் எழுத்து ‘அ’வின் எண் 2949. அந்த எண்ணுக்குரிய வடிவத்தைத் திரையில் காட்டுவது எழுத்துருவின் வேலை.

தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த ₹ குறியீட்டை மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான ஒருங்குறி 6.0 பதிப்பில் அதற்கு 8377 என்ற எண் கிடைத்தது. ஆங்கில எழுத்துகளால் ஆன பழைய ரூபாய்க் குறிக்கு 8360, தமிழ் ரூபாய்க் குறியான ௹க்கு 3065 என முன்பே தனி எண்கள் இருந்தன. பொருள் ஒன்றாயினும் கணினிக்கு இவை மூன்றும் வெவ்வேறு குறிகள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது.

இரண்டு சிக்கல்கள்

புதிய எண் பரவலாகும் முன்பு, சில எழுத்துருக்களில் விசைப்பலகையின் 1-க்கு இடப்புறமுள்ள சாய்கோட்டுக் குறியின் இடத்தில் ₹ வடிவத்தை வரைந்து வைத்தனர். திரையில் ₹ தெரிந்தாலும், கோப்பில் பதிவாவது சாய்கோட்டின் எண்ணான 96 மட்டுமே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் சாய்கோடே தெரியும். பார்வைத் திறன் குறைந்த மாணவருக்கு உதவும் திரைவாசிப்பு மென்பொருளாலும் அதை ‘ரூபாய்’ என்று அறிய முடியாது. இங்கு எண்ணே தவறு. குறியீட்டை மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும்.

வெற்றுக் கட்டம் தெரிந்தால், பெரும்பாலும் எண் சரியாகவே இருக்கும். அந்த எழுத்துருவில் வடிவம் இல்லை. எழுத்துருவை மாற்றினால் போதும்.

தட்டச்சு செய்யும் வழிகள்

• விண்டோஸில் ‘ஆங்கிலம் (இந்தியா)’ விசைப்பலகையைத் தேர்ந்து, வலப்புற ஆல்ட் விசையுடன் 4-ஐ அழுத்தவும்.
• லினக்ஸில் ரூபாய்க் குறியுடன் கூடிய இந்திய ஆங்கில விசைப்பலகையைத் தேர்ந்தாலும் இதே முறைதான்.
• வேர்டு செயலியில் ஆல்ட் விசையை அழுத்தியபடி, வலப்புற எண் பலகையில் 8377 தட்டவும்.
• கைப்பேசியில் எண், குறியீடுகள் உள்ள பக்கத்தில் ₹ இருக்கும். இல்லையெனில் அங்குள்ள நாணயக் குறியைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்கவும்.

சரிபார்க்க எளிய வழி: கோப்பிலுள்ள குறியீட்டை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ₹ ஆகவே நின்றால் எண் சரி. சாய்கோடாக மாறினால் மாற்ற வேண்டும். காகிதத்தில் அச்சானது சரியாக இருப்பதால் மட்டும் கோப்பும் சரி என்று கொள்ள முடியாது.

வகுப்பறைச் செயல்பாடு

தொடக்க வகுப்பில், எழுத்துகளுக்கு மாணவர்களே எண் கொடுத்து ஓர் அட்டவணை தயாரிக்கட்டும். எண்களால் மட்டுமே ஒரு சொல்லை எழுதி அடுத்த குழுவிடம் தரட்டும். பிறகு ஒரு குழுவின் அட்டவணையை மட்டும் மாற்றிவிடுங்கள். சொல் ஏன் சிதைந்தது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

உயர் வகுப்பில், பதினாறு நிலை எண் முறையில் ₹ இன் எண் 20பி9 எனக் கூறி (பி = 11), பத்து நிலைக்கு மாற்றச் சொல்லலாம்:
2×4096 + 0×256 + 11×16 + 9 = 8377.
இதே முறையில் 20ஏ8 என்பதையும் (ஏ = 10) மாற்றி, அது எந்த ரூபாய்க் குறி என்று கண்டறியச் செய்யுங்கள்.