எண்கள் மட்டும் போதுமா? உளவியல் ஆய்வில் இரு கேள்விகள்

உளவியலை விருப்பப் பாடமாக எடுத்துக்கொண்டு கல்லூரிக்குள் நுழையும் நண்பர்களுள் பலர், கனவைப் பற்றியும் நினைவாற்றலைப் பற்றியும் படிக்கப்போகும் ஆவலோடு வருகின்றனர். ஆனால் சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு என்று கணக்கு வந்து முன்னே நின்றதும் அவர்கள் முகம் வாடிவிடுகிறது. “மனத்தை அறிய வந்த எங்களுக்குக் கணக்கு எதற்கு?” என்று இளைய மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. மூன்றாம் ஆண்டு மாணவன் என்ற முறையில், அக்கேள்விக்கு நான் தரும் விடையே இக்கட்டுரை.

மனத்தை நாம் நேரில் காண முடியாது. காண்பது நடத்தையை மட்டுமே. நடத்தையிலிருந்து மனத்தைப் பற்றி ஒரு முடிவு சொல்லும்போது, இரண்டு கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். இது தற்செயலாக நிகழ்ந்திருக்கக்கூடுமா? இதற்கு வேறு ஏதேனும் காரணம் இருக்கக்கூடுமா? முதல் கேள்விக்கு விடை தருவது புள்ளியியல். இரண்டாவதற்கு விடை தருவது ஆய்வு முறை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஆய்வு நொண்டும்.

சராசரியும் பரவலும்

ஒரு வகுப்பில் மூவர் பெற்ற மதிப்பெண்கள் 48, 50, 52 என்று கொள்வோம். மற்றொரு வகுப்பில் மூவர் பெற்றவை 10, 50, 90. இரண்டுக்கும் சராசரி 50தான். எனினும் முதல் வகுப்பில் அந்த 50 எல்லாரையும் ஏறக்குறைய உணர்த்துகிறது. இரண்டாம் வகுப்பில் அவ்வாறு உணர்த்தவில்லை. சராசரியைச் சுற்றி மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதை அளப்பதே திட்ட விலக்கம்.

மனிதர் ஒருவருக்கொருவர் வேறுபடுவதால், எந்த இரு குழுக்களை எடுத்தாலும் அவற்றின் சராசரிகள் சற்றேனும் வேறுபடவே செய்யும். ஆகவே, இசை கேட்டுக்கொண்டே படித்த குழு இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் பெற்றது என்றால், உடனே இசையைப் புகழத் தொடங்கிவிடக் கூடாது. அந்த இரண்டு மதிப்பெண் தற்செயலாகவே வந்திருக்கலாம் அல்லவா?

எட்டுக் கோப்பைத் தேநீர்

தற்செயலை அளப்பது எப்படி? இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர், 1935ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனை வடிவமைப்பு பற்றிய தம் நூலில் இதற்கு எளியதோர் எடுத்துக்காட்டைத் தந்தார். கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா, தேநீரை ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்லிவிட முடியும் என்கிறார் ஓர் அம்மையார். இதை எவ்வாறு சோதிப்பது?

எட்டுக் கோப்பைகளை எடுத்து, நான்கில் பாலையும் நான்கில் தேநீரையும் முதலில் ஊற்ற வேண்டும். அவற்றைக் குலுக்கல் முறையில் வரிசைப்படுத்தி அம்மையாரிடம் தர வேண்டும். பால் முதலில் ஊற்றிய நான்கு எவை என்று அவர் சொல்ல வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்றே முற்றிலும் சரி. ஒன்றும் அறியாதவர் வெறும் ஊகத்தால் நான்கையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70இல் 1. அதாவது சுமார் 1.4 விழுக்காடு. ஆனால் நான்கில் மூன்றையாவது சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70இல் 17; அதாவது சுமார் 24 விழுக்காடு. எனவே மூன்றைச் சரியாகச் சொன்னால் நாம் வியக்க வேண்டியதில்லை. நான்கையும் சொன்னால் வியக்கலாம்.

“இவருக்குத் தனித்திறன் இல்லை, எல்லாம் ஊகமே” என்று முதலில் கொள்ளும் கருத்துக்கு இல் எடுகோள் என்று பெயர். அது உண்மையாக இருந்தால் இத்தகைய முடிவு கிடைப்பது எவ்வளவு அரிது என்பதே நாம் போடும் கணக்கு. 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் இல் எடுகோளைத் தள்ளுவது வழக்கம். இந்த எல்லையையே மிகைகாண் நிலை என்கிறோம்.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 5 விழுக்காடு என்றால் 20இல் 1. யாதொரு விளைவும் இல்லாத 20 சோதனைகளைச் செய்தால், சராசரியாக ஒன்று ‘வெற்றி’ போலத் தோன்றும். மற்ற 19ஐ மறைத்து அந்த ஒன்றை மட்டும் வெளியிட்டால் என்னவாகும்? 2008ஆம் ஆண்டு மூன்று உளவியல் இதழ்களில் வெளியான ஆய்வுகளிலிருந்து 100ஐ எடுத்து, பல நாட்டு ஆய்வாளர்கள் மீண்டும் செய்துபார்த்து 2015ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு மிகைகாண் முடிவைக் காட்டியிருந்தன. மீண்டும் செய்தபோது 36 விழுக்காடு மட்டுமே அவ்வாறு காட்டின. மற்றவை யாவும் பொய் என்று இதனால் முடிவு கட்டிவிட முடியாது. ஆயினும் ஒரே ஆய்வை நம்பிக் கோபுரம் எழுப்பலாகாது என்பது தெளிவு.

கணக்குப் போட்ட குதிரை

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஜெர்மனியின் பெர்லின் நகரில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்னும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஹான்ஸ் என்ற தம் குதிரைக்குக் கணக்குக் கற்பித்திருந்தார். எத்தனை என்று கேட்டால், அத்தனை முறை அது குளம்பால் தரையைத் தட்டும். 1904ஆம் ஆண்டு உளவியல் அறிஞர் கார்ல் ஸ்டும்ஃப் தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்தது. குழுவினர் எந்தச் சூழ்ச்சியையும் காணவில்லை. பிறர் கேட்டபோதும் குதிரை விடை சொன்னது.

இங்கே தற்செயல் என்ற பேச்சுக்கே இடமில்லை. தேநீர்க் கணக்கை இதற்குப் போட்டால் ஹான்ஸ் சிறப்பாகத் தேறிவிடும். அப்படியானால் குதிரைக்குக் கணக்குத் தெரியுமா?

ஸ்டும்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஒரு மாற்றம் செய்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபடி சோதனையை அமைத்தார். அட்டையில் எழுதிய எண்ணைத் தட்டிக்காட்டும் சோதனையில், கேட்பவருக்கு அந்த எண் தெரிந்திருந்தபோது 98 விழுக்காடு சரியாக இருந்தது. தெரியாதபோது 8 விழுக்காடுதான்! குளம்படி சரியான எண்ணை எட்டும்போது, கேட்பவரின் தலை தம்மை அறியாமலேயே சற்று நிமிர்கிறது. அதைக் கண்டு குதிரை நிறுத்திவிடுகிறது. இம்முடிவுகளை 1907ஆம் ஆண்டு ஃபுங்ஸ்ட் நூலாக வெளியிட்டார். ஃபான் ஓஸ்டன் ஏமாற்றுக்காரர் அல்லர். தம் குதிரையை மனமார நம்பியவர். நேர்மை மட்டும் ஆய்வாளரைக் காப்பாற்றிவிடாது என்பதே இதில் நாம் கற்க வேண்டியது.

இது குதிரையோடு முடிந்த கதையும் அன்று. 1963ஆம் ஆண்டு வெளியான ரோசென்தால், ஃபோட் ஆகியோரின் ஆய்வில், உளவியல் மாணவர்கள் 12 பேரிடம் எலிகள் தரப்பட்டன. சிலரிடம் “இவை கூரிய அறிவுள்ள இனம்” என்றும், மற்றவரிடம் “இவை மந்தமானவை” என்றும் கூறப்பட்டது. உண்மையில் எல்லாம் சாதாரண எலிகளே. ஆயினும் ‘கூரிய’ எலிகளே வழியை நன்றாகக் கற்றதாகப் பதிவாயிற்று. நம்மைப் போன்ற மாணவர்களின் எதிர்பார்ப்பே முடிவுக்குள் புகுந்துவிட்டது.

தவறினால் யாருக்கு இழப்பு?

1990ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்காவில் ஒரு முறை வேகமாகப் பரவியது. ஆட்டிசம் உள்ள, பேச்சு வராத பிள்ளையின் கையை உதவியாளர் தாங்கிப் பிடிக்க, பிள்ளை எழுத்துப் பலகையில் எழுத்துகளைத் தொட்டுப் பேசுவதாகச் சொன்னார்கள். அழகிய வாக்கியங்கள் வந்தன. பெற்றோர் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர். பின்னர் அதே பலகையிலிருந்து, பெற்றோர் தம்மிடம் முறைகேடாக நடந்ததாகக் குற்றச்சாட்டுகளும் வரத்தொடங்கின. பிள்ளைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டனர்.

ஃபுங்ஸ்டின் கேள்வியே இங்கும் கைகொடுத்தது. 1993ஆம் ஆண்டு வெளியான நியூயார்க் மாநில ஆய்வொன்றில், ஆட்டிசம் உள்ள 12 பேருக்கும் உதவியாளர் 9 பேருக்கும் வெவ்வேறு படங்கள் காட்டப்பட்டன. உதவியாளருக்குத் தெரியாத படத்தின் பெயர் ஒரு முறைகூடச் சரியாக வரவில்லை. உதவியாளர் பார்த்த படத்தின் பெயர்தான் பலகையில் வந்தது. எழுதியது பிள்ளையின் மனம் அன்று. தம்மை அறியாத உதவியாளரின் கை. 1994ஆம் ஆண்டு அமெரிக்க உளவியல் கழகம், இம்முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. அரை நாளில் செய்திருக்கக்கூடிய ஒரு சோதனையை முதலிலேயே செய்திருந்தால், எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்!

நாம் செய்யத்தக்கவை

நம் ஆய்வகப் பதிவேட்டிலும் இறுதியாண்டுத் திட்டக் கட்டுரையிலும் இவற்றைக் கடைப்பிடிப்பது கடினமன்று. முதலாவதாக, எதை எதிர்பார்க்கிறோம் என்பதை அளவீட்டைத் தொடங்கும் முன்பே எழுதி, தேதியிட்டு வைக்க வேண்டும். இரண்டாவதாக, யார் சோதனைக் குழு, யார் கட்டுப்பாட்டுக் குழு என்பதை நம் விருப்பப்படி பிரிக்காமல், திருவுளச் சீட்டு எடுத்துப் பிரிக்க வேண்டும். மூன்றாவதாக, விடைத்தாளைத் திருத்துபவருக்கு அது எந்தக் குழுவினருடையது என்று தெரியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நண்பர் பெயர்களை மறைத்து எண் இட்டுத் தந்தாலே போதும். நான்காவதாக, எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் அதையும் அப்படியே எழுத வேண்டும். அதற்காக மதிப்பெண் குறைக்காமல் இருப்பது நம் பேராசிரியப் பெருமக்களின் கையில் உள்ளது.

உளவியல் படித்து வெளியேறும் நம்மில் சிலர் ஆசிரியராவோம். சிலர் மனநல ஆலோசகராவோம். “இந்தப் பிள்ளை மந்தம்”, “இந்தச் சிகிச்சை பயன் தரும்” என்று சொல்லும் பொறுப்பு நம்மிடம் வந்து சேரும். நாம் எழுதும் ஒரு வரி இன்னொருவரின் வாழ்க்கையைத் திருப்பிவிடக்கூடும். அந்த வரியை எழுதும் முன் தற்செயலா, வேறு காரணமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளும் பழக்கம் இந்த மூன்றாண்டுகளில் நமக்கு வர வேண்டும். புள்ளியியல் தாளை நாம் விரும்பிப் படிக்க இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.