அனுமதி யார் பெயரில்?

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரத்தினபுரி டவுனில் இன்னொருவர் கடையில் வேலை பழகியது போதும், இனி எட்டியாந்தோட்டையில் சொந்தமாக வடிவமைப்புக் கடை என்று நீ துணிந்ததில் பெரியப்பாவுக்குச் சந்தோஷம். கோயில் திருவிழா நோட்டீசும் சடங்குக் கார்டும் எப்படியும் வந்துகொண்டிருக்கும். ஆனால் இப்போது வந்திருக்கும் தேயிலைப் பெட்டி வேலை வேறு ரகம். மூன்று மொழியிலும் பெயர் வேண்டும், பின்னால் இணையத்தளம் வேண்டும், சரக்கு வெளிநாட்டுக்கும் போக வேண்டும் என்கிறார்கள். இந்த இடத்தில்தான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாய்: ‘ஃபொன்ட்டுக்கெல்லாம் லைசன்ஸ் வேணுமா பெரியப்பா, எல்லாரும் சும்மாதானே போடுறாங்க?’ இதற்கு ஒரு வரியில் பதில் எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள். எழுத்துருவை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கையில் வருவது அனுமதி மட்டும்தான். அந்த அனுமதி ஒருவர் பெயரில் இருக்கும், அதற்கு ஒரு எல்லையும் இருக்கும். தோட்டத்தில் பிறந்த உனக்கு இது புதிய சங்கதி இல்லை. தேயிலைப் பெட்டியில் வாளேந்திய சிங்கம் போடுகிறார்களே, அந்தச் சிங்கத்தின் படம் இணையத்தில் எங்கும் கிடைக்கிறது, இறக்குவதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனாலும் இலங்கைத் தேயிலைச் சபையின் அனுமதி இல்லாமல் அதை யாரும் அச்சிட முடியாது. உள்ளே இருப்பது நூற்றுக்கு நூறு இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும், இங்கேயே பொதி செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனையும் உண்டு. உன்னிடம் வந்த தேயிலைக்காரர் சிங்கத்துக்கு மட்டும் முறையாக அனுமதி எடுப்பார். பக்கத்தில் நிற்கும் எழுத்துக்கு அனுமதி உண்டா என்று கேட்கமாட்டார். அதைக் கேட்க வேண்டியவள் நீ.

எல்லை என்று சொன்னேன் அல்லவா, சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. விலைக்கு விற்கும் நிறுவனங்கள் ஒரே எழுத்துருவுக்குப் பல அனுமதிகளை வைத்திருக்கின்றன. கணினியில் நிறுவி அச்சு வேலை செய்வதற்கு ஒன்று, அதுவும் எத்தனை கணினி என்ற கணக்கோடு. இணையத்தளத்தில் போடுவதற்கு இன்னொன்று, அதை மாதத்துக்கு எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளப்பதும் உண்டு. கைபேசிச் செயலிக்கும் மின்னூலுக்கும் வேறு வேறு. பெட்டிக்கென்று வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு இணையத்தளத்திலும் அதே கோப்பை ஏற்றிவிட்டால், காசு கட்டியும் நீ மீறியவள்தான். கென்வாவிலும் இதே கதைதான். அங்கே சந்தா கட்டினால் அவர்களுடைய எழுத்துருவில் வடிவமைக்கலாம்; கோப்பைக் கழற்றி எடுத்து வாடிக்கையாளரிடம் கொடுக்க முடியாது. விண்டோசோடு வரும் லதா, நிர்மலா எழுத்துருக்கள் அச்சு வேலைக்கு எந்தத் தடையும் இல்லாதவை, ஆனால் கோப்பை இன்னொருவருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கும் உரிமை உனக்கு இல்லை. விண்டோசே திருட்டுப் பிரதி என்றால் லதாவுக்கும் அனுமதி இல்லை என்பதைக் கடைக்காரர்கள் யோசிப்பதில்லை. கோரல்டிரோவோடு வரும் நூற்றுக்கணக்கான எழுத்துருக்களின் நிலையும் அதுவே.

‘அகரத்துக்கு யார் சொந்தக்காரன்? தமிழ் எழுத்தை ஒருவன் பூட்டி வைத்துக்கொள்ள முடியுமா?’ என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான். அகரத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. அமெரிக்கச் சட்டம் அதற்கு மேலும் ஒரு படி போய், எழுத்தின் வடிவத்துக்கே பதிப்புரிமை கிடையாது என்கிறது. 1978இல் எல்ட்ரா வழக்கில் அப்படித்தான் தீர்ந்தது. ஆனால் அதே நாட்டில் 1998இல் அடோபி நிறுவனம் போட்ட வழக்கில், வடிவம் பொதுவானாலும் அந்த வடிவத்தைத் திரையில் வரைகின்ற கணினிக் கோப்பு ஒரு மென்பொருள், அதற்குப் பதிப்புரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலை நூல்களோடு சேர்த்து வைத்துப் பாதுகாக்கிறது. பிறருடைய உரிமையை மீறிய நிரல் என்று தெரிந்தும் வியாபார ஆதாயத்துக்குப் பயன்படுத்துவது அதன் 178ஆம் பிரிவில் குற்றம். சட்டம் எழுதப்பட்டபடி 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது 6 மாதச் சிறை, அல்லது இரண்டும். ஆகவே ஒருவர் கையால் வரைந்த அகரத்தைப் பார்த்து நீயும் ஒன்று வரைவது வேறு, அவர் செய்த கோப்பைப் பென்டிரைவில் எடுத்துவந்து நிறுவுவது வேறு. தமிழ் எழுத்துருக் கோப்பு ஒன்றைச் செய்வதற்கு எவ்வளவு உழைப்பு என்பதையும் நினைத்துப் பார். உயிர்மெய்யில் உகர, ஊகார வரிசை ஒவ்வொரு மெய்க்கும் தனியாக வரையப்பட வேண்டும். கொம்பும் காலும் எங்கே உட்கார வேண்டும் என்று விதி எழுத வேண்டும். மூன்று தடிமன் வேண்டுமென்றால் அந்த வேலை அத்தனைக்கும் மறுபடி கைவைக்க வேண்டும்.

இப்போது பாமினி எழுத்துருவுக்கு வருகிறேன். இலங்கையில் தமிழ் அச்சு வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டு பாமினியைத் தொடாமல் போக முடியாது. கொழும்பு முதல் காவத்தை வரை டைப்செட்டிங் பழகியவர்களின் விரல்கள் பாமினியில்தான் ஓடுகின்றன. அது யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டுக்கு முந்திய வழியில் செய்யப்பட்டது. ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தது. ஆங்கில ‘எம்’ இருக்கையில் அகரம், ‘கே’ இருக்கையில் மகரம். அந்தக் காலத்துக்கு அது பெரிய உபகாரம், குறை சொல்லமாட்டேன். ஆனால் அனுமதி என்ற கண்ணால் பார்த்தால் அதில் இரட்டைச் சிக்கல் இருக்கிறது. கடைக்குக் கடை கைமாறி வந்த கோப்போடு ஒரு பத்திரமும் வருவதில்லை. கேட்க ஆளில்லை என்பது அனுமதி ஆகாது. மிஞ்சிப் போனால் அது இதுவரை கேள்வி வராத பயன்பாடு, அவ்வளவுதான். இரண்டாவது சிக்கல் இதைவிட ஆழமானது. பாமினியில் அடித்த வாசகம் அந்த எழுத்துருவோடு கட்டப்பட்டிருக்கிறது. எழுத்துருவை மாற்றினால் வாசகமே குப்பையாகிவிடும். நாளைக்கு அனுமதியுள்ள எழுத்துருவுக்கு மாற நினைத்தால் அதே குறியீட்டில் செய்த இன்னொன்றைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மாற்றிப் பிழை திருத்த வேண்டும். 1991 முதல் தமிழுக்கு யூனிகோடில் இடம் இருக்கிறது. அதில் அடித்த வாசகம் எந்த எழுத்துருவுக்கும் கடமைப்பட்டதில்லை. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு அனுமதி தீர்ந்தால் இன்னொன்று என்று மாற்றலாம். ஆகவே யூனிகோடுக்கு மாறுவதைத் தொழில்நுட்பம் சார்ந்த விஷயமாக மட்டும் பார்க்காதே. எழுத்துரு உரிமையாளரோடு பேரம் பேசும் பலமே உனக்கு அதிலிருந்துதான் வருகிறது.

சிங்களப் பக்கத்தில் இந்த விஷயத்தில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. உன் பெட்டியிலும் சிங்களம் வருவதால் அதையும் சொல்கிறேன். நாடு முழுக்க அச்சகங்களில் ஓடிய எஃப்எம் அபயா பழைய குறியீட்டு எழுத்துருதான். புஷ்பானந்த ஏக்கநாயக்க வரைந்த அந்த வடிவத்தை மூனியாக் என்ற இலங்கைக் குழு யூனிகோடுக்குக் கொண்டுவந்து, ‘அபயா லிப்ரே’ என்ற பெயரில் திறந்த அனுமதியில் வெளியிட்டது. கண்ணுக்குப் பழகிய வடிவம் அப்படியே இருக்கிறது, கோப்பின் பின்னால் ஒரு பத்திரமும் நிற்கிறது. தமிழிலும் கை வெறுமையாக இல்லை. நம் நாட்டு எழுத்துருக் கலைஞர் தாரிக் அஸீஸின் பவனமும் கவிவாணரும், மும்பையின் ஏக் டைப் குழு செய்த முக்த மலர், பிரியா ரவிச்சந்திரன் 9 தடிமனில் வரைந்த கட்டமரான், கூகுளின் நோட்டோ தமிழ் எல்லாமே அப்படிப்பட்டவை.

திறந்த அனுமதி என்றால் என்னவென்றும் தெரிந்துகொள், இலவசம் என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதே. இவற்றில் பெரும்பாலானவை எஸ்ஐஎல் நிறுவனம் எழுதிய திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. இன்று புழங்கும் 1.1 பதிப்பு 2007இல் வந்தது. அதன்படி நீ வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம், பெட்டியிலும் இணையத்தளத்திலும் செயலியிலும் போடலாம், இலச்சினை செய்யலாம், கோப்பையே வாடிக்கையாளருக்குக் கொடுக்கலாம், வடிவத்தை மாற்றவும் செய்யலாம். கட்டுப்பாடு கொஞ்சம்தான். எழுத்துருவைத் தனிச் சரக்காக விற்கக்கூடாது. கோப்பைக் கொடுக்கும்போது உரிமத்தின் பிரதியும் கூடப் போக வேண்டும். மாற்றிச் செய்தது அதே உரிமத்திலேயே வெளிவர வேண்டும். ஆக்கியவர் எழுத்துருவின் பெயரை ஒதுக்கி வைத்திருந்தால் மாற்றியதை அந்தப் பெயரில் வெளியிடக்கூடாது. பெட்டியில் ‘இது இன்னாருடைய எழுத்துரு’ என்று அச்சிட வேண்டிய அவசியமும் இல்லை. இணையத்தில் ‘ஃப்ரீ’ என்று கிடைக்கும் மற்றவை வேறு சாதி. ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று கூட வரும் சிறு கோப்பில் ஒரு வரி இருக்கும். தேயிலைப் பெட்டி தனிப்பட்ட பயன்பாடு இல்லை. அந்தச் சிறு கோப்பைத் திறந்து படிக்காமல் எதையும் நிறுவாதே.

‘எல்லாரும் அதையே போட்டால் எல்லாப் பெட்டியும் ஒரே முகமாகத் தெரியுமே’ என்பது அடுத்த ஆட்சேபம். அதில் பாதி உண்மை இருக்கிறது. தேயிலைத் தட்டில் தனித்து நிற்க வேண்டிய பெயருக்குத் திறந்த எழுத்துரு போதாமல் போகலாம். அதற்கு வழி திருடுவதில்லை. பெயரை மட்டும், நாலைந்து எழுத்துதானே, கையால் வரைந்துவிடு. அந்த வடிவத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டியவள் நீதான். மற்ற வாசகத்துக்குத் திறந்த எழுத்துரு தாராளம். அதுவும் போதாது என்றால் விலைக்கு உள்ளதை வாங்கு. தமிழில் வாங்குவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த எழுத்துருக்களை அனுமதி பெற்றுத்தான் ஆப்பிள் தன் கணினிகளில் வைத்திருக்கிறது. தமிழ் எழுத்துருவும் விலை பெறக்கூடிய உழைப்பு என்பதற்கு அது சாட்சி.

மிஞ்சியிருப்பது, ‘எட்டியாந்தோட்டையில் யார் வந்து பிடிக்கப் போகிறான்?’ என்பது. யாரும் வரமாட்டார்கள், உண்மைதான். அதைச் சொல்லி உன்னைப் பயமுறுத்தினால் நான் ஏமாற்றுக்காரன். ஆனால் உன் கடை எட்டியாந்தோட்டையில் இருந்தாலும் அந்தப் பெட்டி அங்கே நிற்காது; வெளியே கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2009இல் அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சி நிறுவனத்தின் மேல் ஃபொன்ட் பியூரோ என்ற எழுத்துரு நிறுவனம் வழக்குப் போட்டது. குற்றச்சாட்டு அனுமதியே இல்லை என்பதில்லை, வாங்கிய அளவை மீறினார்கள் என்பது. கேட்ட நட்டஈடு குறைந்தது 20 இலட்சம் டொலர். 2010 சனவரியில் பிரான்சில் நடந்தது இன்னும் வேடிக்கை. இணையத் திருட்டைத் தடுக்க அரசு அமைத்த ஹடோப்பி என்ற நிறுவனம் தன் இலச்சினையை வெளியிட்டது. பார்த்தால் அதில் இருந்தது பிரான்ஸ் டெலிகொமுக்கென்று ழான் பிரான்சுவா போர்ஷே வரைந்து கொடுத்த எழுத்துரு. மற்றவர் யாரும் தொடக்கூடாதது. இலச்சினையை அவசரமாக மாற்றினார்கள். தவறு வடிவமைத்த கடையுடையது, கேலி மட்டும் வாடிக்கையாளர் தலையில். பெரிய நிறுவனம் இதைத் தாங்கும். முதல் ஏற்றுமதிக்குப் பெட்டி அடித்துவிட்டு, வாங்குபவரின் ஆள் ஒரு கேள்வி கேட்டதற்காக எல்லாவற்றையும் மறுபடி அடிப்பதென்றால் சிறு தோட்டக்காரர்கள் தாங்கமாட்டார்கள். அவர்களுக்குத் தெரியாத ஆபத்தை அவர்கள் தலையில் வைப்பது நீ. அதனால்தான் இதை நேர்மைப் பிரச்சினை என்பதைவிட வாடிக்கையாளரிடம் உனக்குள்ள கடமை என்றே நான் பார்க்கிறேன்.

காசு கேட்டால் தேயிலைக்காரர் ஓடிவிடுவார் என்று பயப்படுகிறாய். அதை உன் காசாகக் கேட்காதே. விலைமனுவில் வடிவமைப்புக் கூலி ஒரு வரி, எழுத்துரு அனுமதி தனி வரி என்று போடு. திறந்த எழுத்துரு என்றால் அந்த வரியில் அதன் பெயரும் உரிமத்தின் பெயரும் எழுதி, தொகை பூச்சியம் என்று காட்டு. விலைக்கு உள்ளது என்றால் உன் கணினிக்கு வேண்டியதை நீ உன் பெயரில் வாங்கு. அவர் ஆட்கள் அதே எழுத்துருவில் விலைப்பட்டியல் அடிக்கப் போகிறார்கள் என்றாலோ, இணையத்தளத்தில் போடப் போகிறார்கள் என்றாலோ அதற்கான அனுமதியை அவர் பெயரிலேயே எடுத்துக் கொடு. நாளைக்கு நீ கடையை மூடினாலும் அவர் கையில் பத்திரம் இருக்கும். கொழும்பு அச்சகத்துக்கு வேலையை அனுப்பும்போது எழுத்துருக் கோப்பைச் சேர்த்து அனுப்பாதே; கடைகளில் ‘கேர்வ் பண்ணுறது’ என்கிறார்களே, அப்படி எழுத்துகளைக் கோடுகளாக்கி அனுப்பு. சில நிறுவனங்கள் இலச்சினைக்கென்று தனி அனுமதி கேட்பதால் உரிமத்தில் அந்தப் பத்தியை மட்டும் இரண்டு தரம் வாசி. பிறகு, உன் கணினியில் இப்போது கிடக்கும் எழுத்துருக்களை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அனுமதி எங்கே இருக்கிறது என்று குறித்து எனக்கு அனுப்பு. எதிரே ஒன்றும் எழுத முடியாதவற்றைத் தேயிலைக்காரர் வேலை தொடங்குவதற்கு முன்னால் கழற்றிவிடு.

அன்புடன்,
பெரியப்பா